எதிர்த்தரப்பின் கருத்தைத் திரிக்காமல் மறுப்பது எப்படி? காலநிலை விவாதத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலநிலை மாற்றம் பற்றிய ஏதாவது ஒரு விவாதத்தைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். "2030இல் உலகம் அழிந்துவிடும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்களே, என்ன ஆயிற்று?" என்று ஒருவர் எள்ளி நகையாடுவார். அப்படி எந்த அறிவியல் குழுவும் அறிக்கை விடவில்லை. "பூமி சூடாகிறது என்பதையே ஒப்புக்கொள்ளாத ஆசாமி" என்று மற்றவர் பதிலடி கொடுப்பார். அந்த ஆசாமி எதிர்த்தது ஒரு வரித் திட்டத்தை மட்டும்தான். இருவரும் தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். யாரும் சொல்லாத இரண்டு கருத்துகள் அன்று தோற்கடிக்கப்பட்டிருக்கும்.

இந்தத் திரிப்புகளில் அப்பட்டமான பொய் மிகக் குறைவு. ஒரு நிபந்தனையை விட்டுவிடுவது, ஓர் ஆண்டை மறந்துவிடுவது, கடைசி வாக்கியத்தை வெட்டிவிடுவது என்று பெரும்பாலும் நீக்கல்தான் நடக்கிறது. அதனால் யோக்கியமானவர்களும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். கட்டுரை எழுதுபவர், மேடையில் பேசுபவர், காணொளி தயாரிப்பவர் என யாராக இருந்தாலும், எதிர்த்தரப்பை மறுக்க உட்காரும்முன் கடக்க வேண்டிய படிகளை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதச் செயல்கள்தான் பூமியைச் சூடாக்குகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை, அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாதது என்றே கூறிவிட்டது. ஆனால் சரியான பக்கத்தில் நிற்பவருக்குத் திரிக்கும் உரிமை தனியாகக் கிடைத்துவிடுவதில்லை. கையில் சான்று இருப்பவருக்கு அதற்கான தேவையும் குறைவு.

படி 1: சண்டை எந்தக் கேள்வியில் என்று பாருங்கள்

"காலநிலை மாற்றத்தை நம்புகிறாயா, இல்லையா?" என்று கேட்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. அந்த ஒரு கேள்விக்குள் குறைந்தது ஆறு கேள்விகள் இருக்கின்றன. பூமி சூடாகிறதா? மனிதர்கள் காரணமா? காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரு மடங்கானால் எவ்வளவு சூடாகும்? அதனால் எங்கே, எப்போது, என்ன பாதிப்பு? என்ன செய்யலாம்? செலவு யார் தலையில்?

முதல் இரண்டும் தீர்ந்த கேள்விகள். 1850–1900 காலத்தின் சராசரியோடு ஒப்பிட்டால், 2011–2020 பத்தாண்டு ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தோடு இருந்தது. மூன்றாவதற்கு விடை ஒரு வீச்சாகத்தான் கிடைக்கிறது. 2013 அறிக்கை 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்றது. 2021 அறிக்கை அதைச் சுருக்கி, 2.5 முதல் 4 வரை இருக்க வாய்ப்பு மிகுதி, சிறந்த மதிப்பீடு 3 என்றது. நான்காவதில் உறுதியின் அளவு பாதிப்புக்குப் பாதிப்பு மாறுகிறது. கடைசி இரண்டில் பணமும் நீதியும் அரசியலும் புகுந்துவிடுவதால், அறிவியல் மட்டும் தனியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போது ஆட்களைப் பொருத்திப் பாருங்கள். அமெரிக்க வளிமண்டல இயற்பியலாளர் ரிச்சர்ட் லிண்ட்சன், கார்பன் டை ஆக்சைடு சூடாக்கும் என்பதை மறுப்பவர் அல்லர். அது இரட்டிப்பானால் பின்விளைவுகளைச் சேர்க்காமல் சுமார் 1 டிகிரி ஏறும் என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். நீராவியும் மேகங்களும் அந்தச் சூட்டைப் பெருக்கும் என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் அவர் ஏற்கவில்லை. அவரோடு மோத வேண்டிய இடம் மூன்றாவது கேள்வி. அங்கே அவருக்கு எதிராக வலுவான சான்றுகள் இருக்கின்றன. அதை விட்டு, அவர் முதல் கேள்விக்கே 'இல்லை' என்றவர்போல் எழுதினால் நம் அம்பு வேறு எங்கோ போய் விழும். டென்மார்க்கைச் சேர்ந்த பியோன் லோம்போர்க் முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டு, ஐந்தாவதில் சண்டை போடுகிறார்: இன்றைய திட்டங்கள் தரும் பயனைவிட அவற்றின் செலவு அதிகம், பணத்தைப் புதிய ஆற்றல் ஆராய்ச்சியில் போடுங்கள் என்கிறார். அவருடைய கணக்கைத் தாராளமாகப் பிரித்து மேயலாம், பொருளியலாளர்கள் பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் 'மறுப்பாளர்' என்ற முத்திரை அந்தக் கணக்கில் ஓர் எண்ணைக்கூடத் தொடுவதில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். 'சுற்றுச்சூழல்காரர்கள் எல்லோரும் அணுமின்சாரத்துக்கு எதிரிகள்' என்பது அடிக்கடி காதில் விழுவது. 1988இலேயே அமெரிக்க செனட் குழு முன்பு எச்சரித்த ஜேம்ஸ் ஹான்சன், 2013இல் வேறு மூன்று காலநிலை விஞ்ஞானிகளோடு சேர்ந்து அணுமின்சாரத்தை ஆதரித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

ஒரு தாளில் ஆறு கேள்விகளையும் எழுதி, எதிரே அவருடைய பதில்களை நிரப்புங்கள். அவர் பேசாத கேள்விக்கு எதிரே இடத்தைக் காலியாகவே விடுங்கள். கார்பன் வரியை ஆதரிக்கிறார், ஆகவே தனியார் தொழிலையே ஒழிக்க நினைக்கிறார். மின்கட்டணம் பற்றிக் கவலைப்படுகிறார், ஆகவே எண்ணெய்க் கம்பெனியின் ஆள். காலியிடத்தை நாமே நிரப்பிவிடும்போது இப்படித்தான் ஆகிறது.

படி 2: மேற்கோளின் முன்னும் பின்னும் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவாகும். பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

காலநிலை விஞ்ஞானி ஸ்டீபன் ஷ்னைடர் 1989இல் ஓர் அமெரிக்க அறிவியல் இதழிடம் பேசியதை எடுத்துக்கொள்வோம். மக்களின் கவனத்தை ஈர்க்கப் பயமுறுத்தும் காட்சிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது, எளிமையாக்கி நாடகத்தன்மையோடு பேச வேண்டியிருக்கிறது, நம் ஐயங்களை அதிகம் சொல்லாமல் விட வேண்டியிருக்கிறது என்றார். பலன் தருவதற்கும் நேர்மையாக இருப்பதற்கும் இடையில் எது சரியான சமநிலை என்பதை ஒவ்வொருவரும் முடிவுசெய்ய வேண்டும் என்றும் சொன்னார். 'விஞ்ஞானிகள் பொய் சொல்லத் தீர்மானித்துவிட்டார்கள்' என்பதற்குச் சான்றாக இந்தப் பகுதி பல ஆண்டுகள் சுற்றிவந்தது. அதற்கு அடுத்த வாக்கியம் பெரும்பாலும் உடன் வரவில்லை: அது இரண்டுமாக இருப்பதையே குறிக்கும் என நம்புகிறேன் என்று அவர் முடித்திருந்தார். முன்பகுதியும் வரவில்லை. முழு உண்மையையும் எல்லா ஐயங்களோடும் சொல்ல விஞ்ஞானி கடமைப்பட்டவர் என்றுதான் அவர் பேச்சே தொடங்கியது. ஓர் இக்கட்டை விவரித்தவர், அந்த இக்கட்டில் ஒரு பக்கத்தைப் பரிந்துரைத்தவராக ஆக்கப்பட்டார். ஷ்னைடர் கையாண்ட சொற்கள் சங்கடமானவை என்று ஒருவர் விமர்சிக்கலாம், அதில் தவறில்லை. முழுவதையும் காட்டிவிட்டு விமர்சிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்திலிருந்து களவாடப்பட்டு வெளியான மின்னஞ்சல்கள் இன்னும் பிரபலம். அந்தப் பல்கலைக்கழகத்தின் காலநிலை விஞ்ஞானி பில் ஜோன்ஸ் 1999இல் எழுதிய ஒன்றில், அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானி மைக்கேல் மான் கையாண்ட ஓர் உத்தியைப் பயன்படுத்தி 'சரிவை மறைக்க' என்ற சொற்கள் இருந்தன. உலக வெப்பநிலை சரிந்ததை மறைத்துவிட்டார்கள் என்று உடனே பரவியது. காலத்தைப் பார்த்தாலே இதில் இடிக்கும். அதற்கு முந்தைய ஆண்டான 1998, அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமானது. மறைப்பதற்கு வெப்பநிலையில் ஏது சரிவு? அஞ்சல் பேசியது மர வளையங்களைப் பற்றி. வெப்பமானிகள் இல்லாத பழைய நூற்றாண்டுகளின் வெப்பநிலையை மர வளையங்களைக் கொண்டு ஊகிக்கிறார்கள். வடக்கே சில பகுதிகளின் மரங்களில், 1960க்குப் பிறகு வளைய அடர்த்தி வெப்பமானியோடு ஒத்துப்போகவில்லை. வெப்பம் ஏற, அது இறங்கியது. ஒரு வரைபடத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு வெப்பமானி அளவுகளை ஒட்டவைத்திருந்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் நானும் பாதிக் கதைதான் சொன்னவனாவேன். மியூர் ரஸ்ஸல் தலைமையிலான விசாரணைக் குழு 2010இல், விஞ்ஞானிகளின் நேர்மையில் ஐயமில்லை என்றது. அதே குழு, தகவல்களைத் திறந்து காட்டுவதில் அவர்கள் தொடர்ந்து தவறினார்கள் என்றும் சொன்னது. வெட்டி ஒட்டியதைத் தெளிவாகக் குறிப்பிடாததால், உலக வானிலை அமைப்பின் வெளியீட்டு அட்டையில் வந்த அந்தப் படம் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது என்றும் சொன்னது. 'எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று விசாரணை முடிந்துவிட்டது' என்று மட்டும் எழுதும் நண்பர்கள், விமர்சகர்களிடம் இருந்த நியாயமான பங்கை விழுங்கிவிடுகிறார்கள்.

நடைமுறையில் இதைச் செய்ய வேண்டிய விதம்: மேற்கோளின் மூலத்தைத் தேடுங்கள். அதற்கு முந்தைய பத்தியையும் பிந்தைய பத்தியையும் படியுங்கள். மேற்கோளுக்குள் மூன்று புள்ளிகள் இருந்தால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். மூலம் கிடைக்கவில்லையா, மேற்கோளைப் பயன்படுத்தாதீர்கள். 'இப்படிச் சொன்னதாகக் கூறப்படுகிறது' என்று எழுதித் தப்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. வாசகர் மனத்தில் 'கூறப்படுகிறது' நிற்காது, மேற்கோள்தான் நிற்கும்.

படி 3: எண்ணைத் தனியாகப் பிடுங்காதீர்கள்

எந்த எண்ணும் தனியாகப் பிறப்பதில்லை. எதை அளந்தது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதோடு ஒப்பிட்டு, எந்த நிபந்தனையில், எவ்வளவு உறுதியோடு என்ற ஐந்தும் கூடவே வர வேண்டும். இவற்றில் ஒன்று போனாலும் வேறொரு கருத்து உருவாகிவிடும்.

2018 அக்டோபரில் வந்த ஐ.பி.சி.சி. சிறப்பறிக்கை, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீடு 2030க்குள் 2010 அளவிலிருந்து சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகர பூஜ்யத்தை (வெளியிடும் அளவையே திரும்ப உறிஞ்சி எடுத்துவிடும் நிலையை) எட்ட வேண்டும் என்றது. 'வேண்டுமானால்' என்ற நிபந்தனைதான் அந்த வாக்கியத்தின் உயிர். அது முதலில் ஆதரவாளர்கள் கையில் காணாமல் போனது: 'உலகைக் காப்பாற்ற இன்னும் 12 ஆண்டுகளே' என்று முழக்கமானது. பிறகு எதிர்ப்பாளர்கள் அந்த முழக்கத்தை எடுத்து, '12 ஆண்டில் உலகம் முடிந்துவிடும் என்றது அறிவியல்' என்று சிரித்தார்கள். அறிக்கை வர்ணித்ததில் அப்படியொரு கெடுநாளே கிடையாது. 1.5 டிகிரியில் பவளப்பாறைகள் 70 முதல் 90 சதவீதம் குறையும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் அழியும் என்பது போன்ற படிப்படியான இழப்புகளைத்தான் அது பேசியது. அதாவது, எதிரிகள் பின்னர் திரிப்பதற்கு வசதியாக நண்பர்களே முதல் வெட்டை வெட்டிக் கொடுத்தார்கள். இது இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் விஷயமும் இந்த ரகம். 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாட்டில், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வட துருவக் கடல் கோடைக்காலத்தில் முற்றிலும் பனியற்றுப் போக 75 சதவீத வாய்ப்பு உண்டு என்று பேசி, அதை ஆய்வாளர் வீஸ்லாவ் மஸ்லாவ்ஸ்கியின் கணக்கோடு சேர்த்துச் சொன்னார். இவ்வளவு துல்லியமாக நான் ஒருபோதும் கணிக்க மாட்டேன் என்று மஸ்லாவ்ஸ்கி மறுத்தார். பல ஆண்டுகளுக்கு முன் பேச்சுவாக்கில் அவர் கூறிய உத்தேசக் கணக்கு அது என்று கோர் தரப்பு பின்னர் விளக்கியது. பனியும் அந்தக் காலக்கெடுவில் முழுதாய் மறையவில்லை. இன்று 'துருவப் பனி ஏழு ஆண்டுக்குள் மறைய 75 சதவீத வாய்ப்பு என்றனர் விஞ்ஞானிகள்' என்று படிக்கும்போது, விஞ்ஞானி மறுத்த ஒன்று விஞ்ஞானிகள் பேரிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று: 2010 பிப்ரவரியில் பி.பி.சி. பில் ஜோன்ஸிடம், 1995 முதல் புள்ளியியல் அளவில் உறுதிப்படக்கூடிய வெப்ப உயர்வு இல்லை என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஆம், ஆனால் மயிரிழையில் என்றார் அவர். பத்தாண்டுக்கு 0.12 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது, 95 சதவீத உறுதி வரம்பை நெருங்கிவிட்டது, ஆனால் தொடவில்லை என்று விளக்கமும் தந்தார். '1995க்குப் பிறகு பூமி சூடாகவே இல்லை என்று ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார்' என்பது செய்தியானது. ஏற்றம் உறுதிப்படவில்லை என்பதற்கும் ஏற்றம் இல்லை என்பதற்கும் உள்ள தூரம், பள்ளிப் புள்ளியியல் படித்தவருக்கே தெரியும். தலைப்பு எழுதுபவர் அதைக் கடந்து போய்விட்டார். 2010ஆம் ஆண்டின் அளவுகளும் சேர்ந்ததும் அந்த வரம்பு தாண்டப்பட்டது.

97 சதவீதம் தனிக் கதை. ஜான் குக் குழுவினர் 2013இல், 1991 முதல் 2011 வரை வந்த 11,944 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தார்கள். 66.4 சதவீதம் மனிதக் காரணம் பற்றி எந்த நிலையும் எடுக்கவில்லை. நிலை எடுத்தவற்றில் 97.1 சதவீதம், மனிதர்கள் காரணம் என்பதை ஏற்றன. இதை வைத்து அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாவின் ட்விட்டர் கணக்கு, காலநிலை மாற்றம் உண்மை, மனிதனால் ஆனது, ஆபத்தானது என 97 சதவீத விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதாக அறிவித்தது. ஆபத்தா இல்லையா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. கட்டுரைகளை எண்ணிய ஆய்வு, ஆட்களை எண்ணியதாகவும் மாறிப்போனது. எதிர்த்தரப்போ, நிலை எடுக்காதவற்றையும் கணக்கில் சேர்த்து 'வெறும் 33 சதவீதம்தான்' என்றது. பாதிக்கு மேல் மனிதப் பங்கு என்று வெளிப்படையாக எழுதியவற்றை மட்டும் பொறுக்கி, '0.3 சதவீதம்' வரை இறக்கியவர்களும் உண்டு. ஒரு வேதியியல் கட்டுரை அணுக்கள் இருப்பதை நிரூபித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நிலை எடுக்காமை எதிர்ப்பாகிவிடாது.

படி 4: வரைபடத்தில் உள்ள எல்லாக் கோடுகளையும் காட்டுங்கள்

ஹான்சன் 1988இல் வெளியிட்ட வெப்பநிலைக் கணிப்பில் ஒரு கோடு வரையவில்லை, மூன்று வரைந்தார். வெளியீடு வேகமாகப் பெருகிக்கொண்டே போனால் ஒன்று, மிதமாகக் கூடினால் ஒன்று, கடுமையாகக் கட்டுப்படுத்தினால் ஒன்று. நடுவில் இருந்ததுதான் நடக்க அதிக வாய்ப்புள்ளது என்றும் சொல்லியிருந்தார். பத்தாண்டு கழித்து, 1998இல், பாட் மைக்கேல்ஸ் என்ற காலநிலையாளர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு அந்தப் படத்தைக் காட்டினார். மேலே பறக்கும் முதல் கோடு மட்டும் இருந்தது. அதனோடு உண்மை வெப்பநிலையை ஒப்பிட்டு, கணிப்பு படுதோல்வி என்றார்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, நேர்மையான விமர்சனம் ஒன்று கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஹான்சனின் கணினி மாதிரி, கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்புக்கு 4.2 டிகிரி ஏற்றம் காட்டியது; இன்றைய மதிப்பீடான 3ஐவிட அது அதிகம். நடுக் கோடும் உண்மையைவிடச் சற்று மேலேதான் ஓடியது. மூன்று கோடுகளையும் காட்டியே, 'திசை சரி, அளவு கொஞ்சம் மிகை' என்று வாதிட்டிருக்கலாம். யாரும் அதை எளிதில் மறுத்திருக்க முடியாது. இரண்டு கோடுகளை அழித்ததால், இன்று அந்தச் சம்பவத்தில் பேசப்படுவது ஹான்சனின் மிகையல்ல, அழித்தவரின் செயல்தான்.

படம் எடுத்தாளும்போது தொடக்க ஆண்டையும் பாருங்கள். எல் நினோவால் (பசிபிக் கடல்நீர் அவ்வப்போது சூடாகும் நிகழ்வால்) எகிறிய 1998இல் தொடங்கினால் அடுத்த பத்தாண்டு சமதளமாகத் தெரியும். ஓரிரு ஆண்டு முன்போ பின்போ நகர்த்தியதும் தோற்றம் மாறுகிறது என்றால், அந்தப் படத்தை நம்பி வாதத்தைக் கட்ட வேண்டாம்.

படி 5: 'அவர்கள்' என்றால் யார்?

'1970களில் விஞ்ஞானிகள் பனியுகம் வரும் என்றார்கள், இப்போது வெப்பம் என்கிறார்கள்' என்பது அழியாத வாதம். 1975 ஏப்ரலில் நியூஸ்வீக் இதழ் பூமி குளிர்வது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது உண்மை. ஆனால் 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுகளைப் பின்னர் தேடி எண்ணியவர்கள், குளிர்ச்சியை முன்னறிவித்தவை 7, வெப்பத்தை முன்னறிவித்தவை 44, எந்தப் பக்கமும் சாயாதவை 20 என்று 2008இல் வெளியிட்டார்கள். ஒரு வார இதழின் கட்டுரை, ஒரு துறையின் கருத்தாகிவிட்டது.

ஆகவே 'அவர்கள்' என்று எழுதும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி, ஒரு பெயரோ அமைப்போ போட முடிகிறதா என்று பாருங்கள். போட முடிந்தால், அவர் அந்தத் தரப்பில் எவ்வளவு கனமானவர் என்று பாருங்கள். எந்தக் கூட்டத்திலும் உளறுபவர் ஒருவர் கிடைப்பார். அவரை மறுப்பது சுலபம், அதில் நிரூபணமாவது எதுவும் இல்லை. அந்தத் தரப்பினரே 'எங்கள் வாதத்தை இவர் நன்றாகச் சொல்வார்' என்று காட்டும் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அவர் கையெழுத்துப் போடும்படி எழுதுங்கள்

ஒரு நூல் கொள்ளக்கூடிய ஏழு மதங்களில் (அதாவது, கொள்கைகளில்) ஒன்றாக 'பிறர் மதம் மேற்கொண்டு களைதல்' என்பதை நன்னூல் வைக்கிறது. முதலில் மேற்கொள்ள வேண்டும், பிறகுதான் களைய வேண்டும். இந்த வரிசையை நான் ஒரு சோதனையாக வைத்துக்கொள்கிறேன்: எதிர்த்தரப்பின் கருத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். அதன் கீழே அவர் கையெழுத்துப் போடுவாரா?

ஒரு கற்பனைக் கூற்றை வைத்துச் செய்து பார்ப்போம். ஒருவர் சொல்கிறார்: "பணக்கார நாடுகள் நிலக்கரியை எரித்துத்தான் வளர்ந்தன. ஏழை நாடுகளிடம் இப்போதே நிறுத்து என்பது நியாயமில்லை. மலிவான, இரவிலும் கிடைக்கக்கூடிய மாற்று மின்சாரம் வந்தபிறகு கேளுங்கள்."

முதல் முயற்சி: "இவர் நிலக்கரி முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறார்." இதில் அவருடைய கருத்தே இல்லை.

இரண்டாவது: "ஏழை நாடுகள் நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார்." இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் உண்மைபோலவே இருக்கிறது. 'மாற்று வந்தபிறகு' என்ற நிபந்தனை கழன்றுவிட்டது. காலவரையறை உள்ள கோரிக்கை நிரந்தர உரிமையாகிவிட்டது.

மூன்றாவது: "வளர்ந்த நாடுகளின் வரலாற்றுப் பொறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும், எந்த நேரமும் கிடைக்கும் மலிவான மாற்று உறுதியாகும்வரை ஏழை நாடுகளுக்கு அவகாசம் தர வேண்டும் என்கிறார்." இதில் அவர் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்.

இப்போது மறுப்பு எவ்வளவு கூர்மையாகிறது என்று பாருங்கள். அவர் வைத்த நிபந்தனையையே கையில் எடுக்கலாம். 2010 முதல் 2019 வரை சூரிய மின்சாரத்தின் அலகுச் செலவு 85 சதவீதமும் காற்றாலையின் செலவு 55 சதவீதமும் லித்தியம் பேட்டரியின் செலவு 85 சதவீதமும் குறைந்ததாக ஐ.பி.சி.சி. 2022இல் கணக்குச் சொன்னது. 'மலிவு' என்ற பாதி பெருமளவு நிறைவேறிவிட்டது, 'இரவிலும்' என்ற பாதியில் எவ்வளவு மிச்சம் என்று பேசலாம் வாருங்கள் என்று அவரையே அழைக்கலாம். முதல் முயற்சியோடு போயிருந்தால் இந்தக் கதவு இருப்பதே தெரிந்திருக்காது.

மறுபக்கத்துக்கும் ஒரு வரி: 2050க்குள் நிகர பூஜ்யம் கேட்பவரை, 'நாளைக்கே எல்லா எஞ்சினையும் நிறுத்தச் சொல்கிறார்' என்று எழுதினால் ஆண்டும் போயிற்று, 'நிகர' என்பதும் போயிற்று.

படி 7: நோக்கத்தைத் தனியாக வையுங்கள்

நோக்கத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து செய்த வெப்பக் கணிப்புகள் பெரிதும் சரியாக இருந்தன என்று 2023இல் சயன்ஸ் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதே நிறுவனம் வெளியே பல ஆண்டுகள் ஐயத்தைப் பேசியது. அமெரிக்க அரசியல் ஆலோசகர் ஃபிராங்க் லுன்ட்ஸ் 2002இல் எழுதிய குறிப்பொன்று, அறிவியல் உறுதியின்மையையே முதன்மைப் பிரச்சினையாக வைத்துப் பேசுங்கள் என்று குடியரசுக் கட்சியினருக்கு அறிவுரை சொன்னது. ஆவணம் இருக்கிறது, எழுதலாம். யாரைப் பற்றிய ஆவணமோ அவரைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். மின்கட்டணம் ஏறுமே என்று கேட்கும் ஓய்வூதியக்காரரின் தலையில் எக்ஸானின் பாவத்தை ஏற்றக் கூடாது. அதே லுன்ட்ஸ் 2019இல் செனட் உறுப்பினர்கள் முன்பு தாம் அன்று தவறிழைத்ததாகச் சொன்னார். அவரைப் பற்றி எழுதினால் இதையும் எழுத வேண்டும். 'ஆராய்ச்சி நிதிக்காக விஞ்ஞானிகள் பயமுறுத்துகிறார்கள்' என்பவரும் இதே அளவுகோலில் ஆவணத்தைக் காட்ட வேண்டும்.

முத்திரைச் சொற்களும் இந்தப் படியில் அடக்கம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2015இல் தன் செய்தியாளர்களுக்கு, 'மறுப்பாளர்', 'ஐயவாதி' இரண்டையும் தவிர்த்து, மையநீரோட்டக் காலநிலை அறிவியலை ஏற்காதவர்கள் என்பதுபோல் விவரித்து எழுதச் சொன்னது. நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளை விட்டுக் கருத்துக்குப் பெயர் வைக்கிறது. 'பீதி கிளப்புபவர்' என்பதற்கும் இதுவே பொருந்தும்.

படி 8: நியாயமாகச் சொல்வது வேறு, சரிபாதி இடம் தருவது வேறு

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாக் கருத்துக்கும் ஒரே எடை தர வேண்டும் என்று யாரும் கொள்ள வேண்டாம். 2017 ஆகஸ்டில் பி.பி.சி. வானொலியில் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னார். அது தவறு. நிகழ்ச்சி நடத்தியவர் தடுத்துக் கேட்கவில்லை. பிரிட்டனின் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், அது விதிமீறல் என்று 2018இல் முடிவுசெய்தது. லாசன் சொன்னதை அப்படியே துல்லியமாக எடுத்துப் போட்டு, அடுத்த வரியிலேயே அளவுகள் வேறு சொல்கின்றன என்று எழுதுவதில் திரிப்பு எதுவும் இல்லை.

படி 9: உங்கள் கருத்து திரிக்கப்பட்டால்

உங்கள் மூல வாசகத்தை முழுதாக முதலில் வையுங்கள். எந்தச் சொல் விடுபட்டது, அது விடுபட்டதால் என்ன மாறியது என்று இரண்டே வரியில் காட்டுங்கள். திரிக்கப்பட்ட வடிவத்தைத் தலைப்பில் போட்டு 'நான் இப்படிச் சொல்லவில்லை' என்று அலறினால், அலசாமல் படிப்பவருக்கு அந்த வடிவம்தான் மனப்பாடமாகும். திருத்தம் கேட்கும்போது மன்னிப்பையும் சேர்த்துக் கேட்காதீர்கள். திருத்தம் மட்டும் கேட்டால் கிடைக்க வாய்ப்பு கூடுதல். நீங்கள் பிறரைத் திரித்ததாகச் சுட்டப்பட்டால், பிழை எங்கே இருந்ததோ அங்கேயே திருத்துங்கள்: தலைப்பில் இருந்தால் தலைப்பில், காணொளியின் தொடக்கத்தில் இருந்தால் தொடக்கத்தில்.

நேருக்கு நேர் விவாதமென்றால் இன்னும் எளிது. மறுக்கத் தொடங்கும்முன் "உங்கள் கருத்தை நான் சொன்னது சரிதானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். இல்லை என்றால் அவரே திருத்தட்டும், திருத்திய வடிவத்தைத் திரும்பச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சிலர் ஒவ்வொரு சுற்றிலும் கருத்தை மாற்றிக்கொண்டே போவார்கள். அவர்களிடம் ஒப்புக்கொண்ட வடிவத்தைத் தாளில் எழுதி இருவருக்கும் தெரியும்படி நடுவில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை நழுவும்போது தாளைக் காட்டி, "இதை விட்டுவிட்டீர்களா, புதிதாக ஒன்று சேர்க்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். விட்டுவிட்டேன் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.